பரங்கிக்காயும் பாஸ்தாவும்

இரண்டாமாண்டு, இளம் அறிவியல் – தாவரவியல்

ஐப்பசியில் அடைமழை என்பார்கள். கடந்த ஐப்பசியில் அந்தச் சொல் பொய்க்கவில்லை. மூன்று நாட்களாக வானம் ஓயவில்லை. வாய்க்கால் நிரம்பி, வரப்பு மறைந்து, எங்கள் தெருவும் வயலும் ஒன்றாகிவிட்டன. நான்காம் நாள் காலையில் மாவட்ட ஆட்சியர் பள்ளி, கல்லூரிகளுக்கு விடுமுறை அறிவித்தார். நண்பர்களே, அந்தச் செய்தியைக் கேட்டதும் நம்மில் எத்தனை பேர் போர்வையை இழுத்து மூடிக்கொண்டு மீண்டும் உறங்கினோம் என்பது நமக்குத்தான் தெரியும்! நானும் அவர்களில் ஒருவன்.

ஆனால் எங்கள் வீட்டில் மழை எல்லோருக்கும் ஒரே விதமாகப் பெய்வதில்லை. எனக்கும், பத்தாம் வகுப்பில் படிக்கும் என் தங்கைக்கும் மழை என்றால் விடுமுறை. கொத்தனாரான என் அப்பாவுக்கு மழை என்றால் வேலை இல்லை; வேலை இல்லை என்றால் கூலி இல்லை. அம்மாவுக்கோ மழைக்காலத்தில்தான் வேலை. தாளடி நடவு நடந்துகொண்டிருந்தது. நாற்றைப் பறித்துப் போட்டாகிவிட்டது. நடாமல் விட்டால் வீணாகிவிடும். காலை ஆறு மணிக்கே உரச்சாக்கைக் கொங்காணியாக மடித்துத் தலையில் போட்டுக்கொண்டு அம்மா வயலுக்குப் போய்விட்டாள். அவளுக்கு விடுமுறை அறிவிக்க எந்த ஆட்சியரும் இல்லை.

பகுதி ஒன்று தமிழ் வகுப்பில் பருவங்களைப் பற்றிப் படித்திருக்கிறோம். ஆண்டினை ஆறு பருவங்களாகப் பகுத்த நம் முன்னோர் ஆவணியும் புரட்டாசியும் கார்காலம் என்றும், ஐப்பசியும் கார்த்திகையும் கூதிர்காலம் என்றும் வகுத்தனர். ஆங்கிலக் கதைகளில் வரும் இலையுதிர் காலம் ஏறக்குறைய நம் கூதிர்தான். அங்கே இலை உதிர்கிறது. இங்கே வானமே உதிர்கிறது. நக்கீரர் பாடிய நெடுநல்வாடையில், குளிர் தாங்காத ஆயர்கள் கொள்ளியைக் கையில் பிடித்துக்கொண்டு நடுங்கி நிற்கும் காட்சியை எங்கள் தமிழாசிரியர் விளக்கியபோது, குளிர்கூட எவ்வளவு அழகாக இருக்கிறது என்று நினைத்தேன். வகுப்பறையில் உலர்ந்த சட்டையோடு உட்கார்ந்திருப்பவனுக்கு அப்படித்தான் தோன்றும்.

அம்மா திரும்பி வந்தபோது மாலை மணி ஐந்து. திண்ணையில் உட்கார்ந்து கொங்காணியை உதறினாள். பகல் முழுவதும் நீரில் நின்ற கால்கள் வெளுத்து ஊறிப்போயிருந்தன. விரலிடுக்குகளில் சேற்றுப்புண். நாற்றை ஊன்றி ஊன்றிக் கைவிரல்களின் நகக்கண்களும் புண்ணாகியிருந்தன. இரவில் மருதாணி இலையை அரைத்து அந்தப் புண்களின் மேல் வைத்துக்கொள்வாள். ஆகவே நடவுக் காலம் முழுவதும் என் அம்மாவின் விரல்கள் சிவந்தே இருக்கும். சிறுவனாக இருந்தபோது அம்மா அழகுக்காக மருதாணி வைத்துக்கொள்கிறாள் என்றே நினைத்திருந்தேன். அது மருந்து என்று புரிந்துகொள்ள எனக்கு நெடுநாள் ஆயிற்று.

ஈரப் புடவையை மாற்றிக்கொண்டு அம்மா நேரே அடுப்படிக்குப் போனாள். உலைப்பானையை எடுத்து வைத்தாள். உப்பு ஜாடிக்குள் கைவிட்டவள் ‘ஸ்’ என்று கையை உதறினாள். நான் பார்க்கிறேன் என்று தெரிந்ததும், ஒன்றும் நடவாதது போல மறுபடியும் கையை விட்டாள்.

“அம்மா, நீ போய் உட்காரு. இன்னைக்கு ராத்திரிச் சாப்பாடு நான் செய்யறேன்” என்றேன்.

அப்பாயி வெற்றிலை இடிப்பதை நிறுத்திவிட்டுத் தலையைத் தூக்கினாள். அப்பா வானொலியின் ஒலியைக் குறைத்தார். தங்கை வாய்விட்டுச் சிரித்தாள். அம்மா மட்டும் சிரிக்கவில்லை.

“படிக்கிற புள்ளைக்கு அடுப்படியில என்ன வேலை? போயி பொஸ்தகத்த எடு” என்றாள்.

அவள் கோபம் எனக்குப் புரியாததன்று. அப்பா ஐந்தாம் வகுப்பு வரையில் படித்தவர். அம்மா பள்ளிக்கூடத்தை வெளியிலிருந்து பார்த்தவள். எங்கள் இரு வழிச் சொந்தத்திலும் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் நான். 2024ஆம் ஆண்டில் இந்தக் கல்லூரியில் சேர்ந்த அன்று அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னாள்: “எங்க கையில இருக்கிற சேறு எங்களோட போகட்டும் தம்பி. இது பேனா பிடிக்கிற கை. மம்பட்டியும் பிடிக்கக் கூடாது, கரண்டியும் பிடிக்கக் கூடாது.” அன்றிலிருந்து வீட்டில் ஒரு குடம் தண்ணீர்கூட என்னைத் தூக்க விட்டதில்லை. அவள் எனக்குக் கொடுத்த சீர் அது. அதை மறுப்பது அவள் மனத்தைப் புண்படுத்துவதாகும் என்று எனக்குத் தெரியும். ஆனால் அந்த விரல்களைப் பார்த்த பிறகும் புத்தகத்தை எடுத்துக்கொண்டு உட்கார என்னால் முடியவில்லை.

“இன்னைக்கு ஒரு நாளைக்கு மட்டும்மா” என்று சொல்லி, என் பெட்டியைத் திறந்து, துணிகளுக்கு அடியிலிருந்து ஒரு பொட்டலத்தை எடுத்தேன். அரைக் கிலோ பாஸ்தா. சின்னச் சின்னக் குழாய்களாக, வளைந்து வளைந்து இருந்தது.

“ஐ, மக்ரோனி!” என்று தங்கை துள்ளினாள்.

ஏன் பாஸ்தா, சோறு வடித்து ரசம் வைத்திருக்கலாமே என்று நீங்கள் கேட்கலாம். உண்மையைச் சொல்லிவிடுகிறேன். எனக்குச் சோறு வடிக்கத் தெரியாது. என் வாழ்நாளில் நான் கற்றிருந்த சமையல் அது ஒன்றுதான்.

அதை எங்கே கற்றேன் என்பது, அன்று வரை என் வீட்டில் நான் சொல்லாத கதை.

அரசுப் பள்ளியில் படித்துக் கல்லூரிக்கு வந்த மாணவர்களுக்காக 2024ஆம் ஆண்டு ஆகஸ்டில் ‘தமிழ்ப் புதல்வன்’ திட்டம் தொடங்கியது. மாதம் 1000 ரூபாய் என் வங்கிக் கணக்கில் வந்து சேர்ந்தது. அந்தப் பணத்தை முதன்முதலாக அம்மாவின் கையில் கொடுத்த நாள் எனக்கு நினைவிருக்கிறது. அவள் அதைக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். “படிக்கிறதுக்குச் சம்பளம் குடுக்கிறாங்க எம்புள்ளைக்கு” என்று தெரு முழுவதும் சொல்லி வந்தாள்.

சில மாதங்கள் கழித்து, அப்பா சாரத்திலிருந்து விழுந்து ஒரு மாதம் வேலைக்குப் போக முடியாமல் கிடந்தார். அப்போது வகுப்புத் தோழன் ஒருவன் என்னைக் கல்யாணச் சமையல் காண்டிராக்டர் ஒருவரிடம் அழைத்துப் போனான். முகூர்த்த நாட்களில் பரிமாற ஆள் வேண்டும். வெள்ளைச் சட்டை, கறுப்புக் காற்சட்டை. மாலை நான்கு மணிக்கு மண்டபத்துக்குப் போனால் கடைசிப் பந்தி முடிந்து பாத்திரம் ஏற்றிவிட்டு வர நள்ளிரவாகும். ஓர் இரவுக்கு 500 ரூபாய். மாதத்தில் மூன்று இரவுகள் போனேன். ‘நண்பன் வீட்டில் படிக்கிறேன்’ என்று வீட்டில் சொன்னேன். அந்த 1500 ரூபாயையும் அரசு கொடுத்த 1000 ரூபாயோடு சேர்த்து, “உதவித்தொகைய ஏத்திட்டாங்கம்மா, இனிமே 2500” என்று அம்மாவிடம் கொடுத்தேன். அவள் தெருவில் சொல்லும் தொகையும் 2500 ஆயிற்று.

வரவேற்பு இரவுகளில் மண்டபத்தின் ஓர் ஓரத்தில் ‘லைவ் கவுண்டர்’ என்று ஒன்று போடுவார்கள். விருந்தினரின் கண்ணெதிரிலேயே தோசையும் பாஸ்தாவும் செய்து கொடுக்கும் இடம். அங்கே பாஸ்தா மாஸ்டருக்குத் தட்டு எடுத்துக் கொடுக்கும் வேலை எனக்குக் கிடைத்தது. அவர் சொல்லாமலே நான் பார்த்துக் கற்றுக்கொண்டேன். முக்கால் பதத்தில் வேகவைத்து, வடித்து, எண்ணெய் தடவித் தொட்டியில் வைத்திருப்பார். ஆள் வந்து கேட்டதும் வாணலியில் பூண்டை வதக்கிக் குழம்பை ஊற்றிப் பாஸ்தாவைப் போட்டுப் புரட்டுவார். வெள்ளைக் குழம்பு என்றால் வெண்ணெயும் மைதாவும் பாலும். சிவப்புக் குழம்பு என்றால் தக்காளி. மேலே ஆரிகானோ என்னும் உலர்ந்த இலைத்தூளைத் தூவுவார். அழகாக உடுத்திய அம்மாக்கள் தம் பிள்ளைகளோடு வரிசையில் நின்று வாங்கிப் போவார்கள். அவர்களைப் பார்க்கும்போதெல்லாம், வயலிலிருந்து வந்து, எல்லோருக்கும் போட்டுவிட்டு, கடைசியில் அடிச்சட்டியை வழித்து ஆறிப்போனதை உண்ணும் ஓர் அம்மாவை நான் நினைத்துக்கொள்வேன். அந்த நினைவில்தான் ஒரு நாள் அந்தப் பொட்டலத்தை வாங்கினேன். எப்போது, எப்படிச் செய்து கொடுப்பது என்று தெரியாமல் பெட்டியிலேயே வைத்திருந்தேன்.

அந்தப் பண்டத்தைப் பற்றித் தெரிந்துகொள்ளும் ஆசையில் கொஞ்சம் படிக்கவும் செய்தேன். பாஸ்தாவைச் சீனாவிலிருந்து மார்க்கோ போலோ இத்தாலிக்குக் கொண்டுவந்தார் என்று பலர் சொல்வதுண்டு. அது கட்டுக்கதை. அவர் வெனிசுக்குத் திரும்பியது 1295இல். அதற்கு முன்பே, 1154இல், அல் இத்ரீசி என்னும் அரபு நிலவியல் அறிஞர், சிசிலித் தீவில் திராபியா என்ற ஊரில் மாவை இழைகளாக்கி உலர்த்திக் கப்பல் கப்பலாக ஏற்றி அனுப்புகிறார்கள் என்று எழுதி வைத்துவிட்டார். தாவரவியல் மாணவனாகிய எனக்கு இன்னொரு செய்தி வியப்பளித்தது. சப்பாத்தி, ரொட்டிக்கு உதவும் கோதுமையில் 42 குரோமோசோம்கள். பாஸ்தாவுக்குரிய டியூரம் கோதுமையில் 28. நம் சம்பா கோதுமையிலும் 28! இரண்டும் நெருங்கிய உறவு. சர்க்கரை நோய்க்காக அப்பாயி இரவில் உண்ணும் சம்பா ரவை உப்புமாவும், மண்டபத்தில் பட்டுச் சேலைகள் வரிசையில் நின்று வாங்கும் பாஸ்தாவும் ஒரு வகையில் பங்காளிகள்!

இனி அடுப்படிக்கு வருவோம்.

மாட்டுக் கொட்டகையின் கூரைமேல் அம்மா ஒரு பரங்கிக்கொடி ஏற்றிவிட்டிருந்தாள். அதில் ஒரு காய் நன்கு முற்றி மஞ்சளாகியிருந்தது. இத்தாலியின் வடக்கே மாந்துவா என்னும் ஊரில், இலையுதிர் காலத்தில் பரங்கிக்காயை மசித்து மாவுக்குள் வைத்து மடித்துப் பாஸ்தா செய்வார்கள் என்று படித்திருந்தேன். வெண்ணெய்க்கும் பாலாடைக்கட்டிக்கும் நான் எங்கே போவேன்? பரங்கிக்காய் இருக்கிறதே! அதுவும் நம் நாட்டுக் காய் அன்று. அமெரிக்கக் கண்டத்திலிருந்து கப்பலேறி வந்தது. பரங்கியர் காய் என்று அதன் பெயரே சொல்கிறது. வெளியூர்க்காரன் என்று யாரும் இன்று அதை ஒதுக்குகிறோமா? அப்பா கொட்டும் மழையில் ஏணி வைத்து ஏறி அதை அறுத்துக் கொடுத்தார். மழை தொடங்கிய பின் அவர் ஏணியில் ஏறியது அன்றுதான். இறங்கியபோது முகத்தில் ஒரு மலர்ச்சி இருந்தது. வேலையில்லாமல் உட்கார்ந்திருப்பவருக்கு ஒரு சிறு வேலையும் விருந்துதான் போலும்.

பரங்கிக்காயைத் தோல் சீவி நறுக்கினேன். சின்ன வெங்காயமும் பூண்டும் தங்கை உரித்துக் கொடுத்தாள். கடலை எண்ணெயில் அவற்றை வதக்கிக் காயைப் போட்டு, உப்பிட்டு மூடி வைத்தேன். குழைந்ததும் பருப்பு மத்தால் கடைந்தேன். தங்க நிறத்தில் வந்தது. ஒரு தம்ளர் பால் சேர்த்தேன். மிளகை அம்மியில் தட்டிப் போட்டேன். ஆரிகானோவுக்கு என்ன செய்வது? வாசலில் சளி மருந்துக்காக அம்மா வளர்க்கும் ஓமவல்லி நினைவுக்கு வந்தது. எதிரெதிராக அமைந்த இலைகள், லேமியேசி குடும்பம். துளசியும் ஆரிகானோவும் அதே குடும்பத்தைச் சேர்ந்தவை. ஆரிகானோவுக்கு மணம் தரும் கார்வக்ரால் என்னும் எண்ணெய்ப் பொருள் ஓமவல்லியிலும் உண்டு. நான்கு இலைகளைக் கிள்ளி வந்து பொடியாக அரிந்து போட்டேன். மண்டபத்து மணம் அப்படியே எங்கள் அடுப்படியில் எழுந்தது! இரண்டாமாண்டு வகைப்பாட்டியல் பாடம் வயிற்றுக்கும் உதவும் என்று என் பேராசிரியர்களுக்கு இதன் மூலம் தெரிவித்துக்கொள்கிறேன்.

மற்றோர் அடுப்பில் உலைப்பானை கொதித்தது. 100 கிராம் பாஸ்தாவுக்கு ஒரு லிட்டர் தண்ணீர், 10 கிராம் உப்பு என்பது இத்தாலியக் கணக்கு. அரைக் கிலோவுக்கு ஐந்து லிட்டர். ஆளுக்கு 100 கிராம், நாங்கள் ஐவர். கணக்கு சரியாக இருந்தது. பாஸ்தாவைப் போட்டுக் கிளறிய நேரத்தில் மின்சாரம் போய்விட்டது. வெந்துவிட்டதா என்று பார்க்க ஒன்றை எடுத்து உடைத்து, நடுவில் வெள்ளைப் புள்ளி இருக்கிறதா என்று பார்ப்பார் மாஸ்டர். மெழுகுவர்த்தி வெளிச்சத்தில் எனக்கு ஒன்றும் தெரியவில்லை. தடுமாறி நின்றேன்.

அதுவரையில் நிலைப்படியில் சாய்ந்துகொண்டு மௌனமாகப் பார்த்துக்கொண்டிருந்த அம்மா உள்ளே வந்தாள். கரண்டியில் ஒன்றை எடுத்து ஊதினாள். கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் இடையே வைத்து அழுத்தினாள். ‘இன்னும் ஒரு கொதி’ என்றாள். அவள் அதற்கு முன் பாஸ்தாவைத் தொட்டதுகூட இல்லை. ஒரு பானை சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்பது அவளுக்குப் பழமொழி அன்று, கைப்பழக்கம்.

ஒரு கொதி வந்ததும் பானையை இறக்கி, தண்ணீரை முற்றத்துச் சாக்கடையில் கொட்டப் போனேன்.

“தம்பி, கஞ்சியக் கொட்டிடாத!” என்று அம்மா பதறினாள்.

“இது கஞ்சி இல்லம்மா, வெந்த தண்ணி.”

“வெந்த தண்ணிதான்டா கஞ்சி. கோதும வெந்தாலும் கஞ்சி, அரிசி வெந்தாலும் கஞ்சி. கொழம்பு கெட்டியா இருக்கு பாரு, அதுல ரெண்டு கரண்டி ஊத்து.”

நான் அப்படியே நின்றுவிட்டேன். இத்தாலியர்கள் பாஸ்தாவை வடிக்கும்போது ஒரு கரண்டி நீரை எடுத்து வைத்துக்கொண்டு குழம்பில் சேர்ப்பார்கள் என்று படித்திருந்தேன். ஸ்டார்ச் மணிகள் சூட்டில் நீரை உறிஞ்சி உப்பி, ஒரு பகுதி நீரில் கரைந்து வருகிறது. அதுதான் எண்ணெயையும் நீரையும் பிரியாமல் பிடித்து, குழம்பைப் பாஸ்தாவோடு ஒட்டச் செய்கிறது. படித்ததை மறந்து நான் அதைச் சாக்கடையில் கொட்டப் போனேன். படிக்காதவள் தடுத்தாள். மண்டபங்களில் தொட்டி தொட்டியாகக் கொட்டிய கஞ்சியை நினைத்துக்கொண்டேன். கல்லூரிப் படிப்பு எனக்குக் காரணத்தைச் சொல்லிக் கொடுத்தது. காரியத்தை வீட்டிலேயே ஒருத்தி இருபது ஆண்டுகளாகச் செய்துகொண்டிருந்தாள். நான்தான் அடுப்படிப் பக்கம் திரும்பிப் பார்க்கவில்லை.

இரண்டு கரண்டி ஊற்றிக் கிளறினேன். குழம்பு பளபளவென்று சேர்ந்து வந்தது. அப்பா எட்டிப் பார்த்தார். கரண்டியைத் தூக்கி ஒழுகவிட்டுப் பார்த்துவிட்டு, “கலவை சரியான பதம். பூச்சு வேலைக்கே எடுக்கலாம்” என்றார். அவர் அப்படிச் சிரித்துப் பேசி நான்கு நாட்களாகியிருந்தன.

தட்டுகளை வரிசையாக வைத்தேன். வழக்கம் போல அம்மா ஓரமாக நின்றாள். “நீங்கல்லாம் சாப்பிடுங்க. நான் அப்புறம்...” என்றாள். நான் அவள் தோளைப் பிடித்து அப்பாயியின் பக்கத்தில் உட்கார வைத்தேன். முதல் தட்டை அவள் முன்னால் வைத்தேன். ஆவி பறந்தது. மிளகும் உப்பும் விரல் புண்ணில் படக்கூடாது என்று ஒரு தேக்கரண்டியை எடுத்து அவள் கையில் கொடுத்தேன்.

அம்மா தட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

எத்தனையோ நூறு பேருக்கு, பெயர் தெரியாதவர்களுக்கு, குனிந்து குனிந்து பரிமாறிய கை இது. என் தாய்க்குப் பரிமாறியது அன்றுதான் முதல் முறை. இருபது வயதில்! அந்த எண்ணம் வந்ததும் எனக்குத் தொண்டை அடைத்தது. மெழுகுவர்த்தி வெளிச்சம் மங்கலாக இருந்தது நல்லதாயிற்று.

முதலில் அப்பாயிதான் பேசினாள். “என்னமோ குழாய்ப் புழு மாதிரி இருக்கேன்னு பாத்தேன். பரங்கிக்கா கூட்டு மாதிரி நல்லாத்தான்டா இருக்கு. பல்லில்லாதவளுக்கு ஏத்த பண்டம்” என்றாள். எல்லோரும் சிரித்தோம். தங்கை இரண்டாம் முறை கேட்டு வாங்கிக்கொண்டாள். வாயில் வைத்தபடியே, “இத எங்கண்ணே கத்துக்கிட்ட?” என்றாள்.

“கல்யாணத்துல...” என்று சொல்லிவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டேன்.

“யாரு கல்யாணத்துல?”

பதில் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. கூரைத் தகரத்தில் மழை விழும் ஓசை மட்டும் கேட்டது. அப்பா என்னைப் பார்த்தார். எதையாவது சொல்லிச் சமாளிக்கலாம் என்றுதான் முதலில் நினைத்தேன். ஆனால் ஆவி பறக்கும் தட்டைக் கையில் வைத்துக்கொண்டு எதிரில் உட்கார்ந்திருந்த அம்மாவிடம் இன்னொரு பொய் சொல்ல மனம் வரவில்லை. எல்லாவற்றையும் சொன்னேன். மண்டபம், பந்தி, 500 ரூபாய், நண்பன் வீடு, 2500. தலை நிமிராமல் சொல்லி முடித்தேன். அவள் அழுவாள், அல்லது தட்டைத் தள்ளிவிட்டு எழுந்து போவாள் என்று எதிர்பார்த்தேன்.

அம்மா தேக்கரண்டியால் இன்னொரு வாய் எடுத்து உண்டாள். பிறகு சொன்னாள்:

“ஒன் வெள்ளச் சட்டைய யாரு தொவைக்கிறா? காலர்ல சாம்பார், கைமுட்டியில நெய். படிக்கிற எடத்துல சாம்பாரா ஊத்துறாங்க?”

“தெரியுமாம்மா ஒனக்கு?”

“மொத மாசமே தெரியும். அப்பாரு காலு கட்டுப் போட்டுக் கெடந்த நேரம். கேட்டா நீ விட்டுடுவ. விட்டா அடுப்பு எரியாது. கேக்காம இருந்துட்டேன்.”

“தெருவுல 2500ன்னு சொன்னியேம்மா...”

“நீ எனக்காகச் சொன்ன பொய்ய, நான் ஒனக்காகச் சொன்னேன்.”

நண்பர்களே, அதன் பிறகு சற்று நேரம் அந்தத் திண்ணையில் யாரும் பேசவில்லை. அம்மா என் கையைப் பிடித்து இழுத்து அருகில் உட்கார வைத்தாள். அந்த மருதாணி விரல்கள் சொரசொரவென்று இருந்தன. “நீயும் சாப்புடு, ஆறிடும்” என்றாள். எங்கள் வீட்டில் ஐந்து பேரும் ஒன்றாக உட்கார்ந்து உண்டது எனக்கு நினைவு தெரிந்து அதுவே முதல் முறை. பாஸ்தாவில் உப்பு சற்றுக் கூடிவிட்டது என்று அப்போதுதான் எனக்கே தெரிந்தது. யாரும் அதைச் சொல்லவில்லை.

அன்று இரவே ஓர் உடன்படிக்கை செய்துகொண்டோம். மாதத்தில் இரண்டு இரவுகளுக்கு மேல் மண்டபத்துக்குப் போகக் கூடாது. செய்முறைத் தேர்வுக்கும் மாதத் தேர்வுக்கும் முந்திய இரவு போகவே கூடாது. போகும்போது எந்த ஊர், எந்த மண்டபம் என்று சொல்லிவிட்டுப் போக வேண்டும். பதிலுக்கு நான் ஒன்று கேட்டேன். நடவுக் காலத்திலும் களையெடுப்புக் காலத்திலும் இரவு அடுப்படி என்னுடையது. அம்மா உடனே ஒப்பவில்லை. “கரண்டி புடிச்சா படிப்பு போயிடும்னு யாரு ஒனக்குச் சொன்னா? நான் கரணை புடிக்கிறேன், எனக்கு மானம் போயிடுச்சா?” என்று அப்பா கேட்ட பிறகுதான் அரை மனத்தோடு தலையசைத்தாள்.

இதை இங்கே எழுதலாமா என்று நான் பலமுறை தயங்கினேன். இம்மலரை என் ஆசிரியர்கள் படிப்பார்கள். சென்ற ஆண்டு முதல் மணி வகுப்பில் நான் இரண்டு முறை உறங்கிப்போனதும், அக மதிப்பீட்டுத் தேர்வொன்றில் மிகக் குறைந்த மதிப்பெண் வாங்கியதும் அவர்களுக்குத் தெரியும். பொறுப்பில்லாதவன் என்று நினைத்திருந்தால் அது அவர்கள் குற்றமன்று, நான் சொல்லவில்லை. ஆனால் நம் வகுப்புகளில் உறங்கும் மாணவர்கள் எல்லோரும் இரவில் திரைப்படம் பார்த்தவர்கள் அல்லர். பெட்ரோல் நிலையத்தில் நின்றவர், பார்சல் மூட்டை பிரித்தவர், பந்தியில் பரிமாறியவர் என்று கைதூக்கச் சொன்னால் எத்தனை கைகள் எழும் என்பது நமக்குத் தெரியும். வெட்கப்பட்டு மறைத்தவர்களில் நானும் ஒருவன் என்பதால் சொல்கிறேன்: உழைப்பை மறைக்க வேண்டியதில்லை. மறைத்தாலும் சட்டையைத் துவைப்பவர்களிடம் அது மறைவதில்லை.

இப்போது எனக்குச் சோறு வடிக்கத் தெரியும். கஞ்சியைக் கொட்டுவதில்லை. ரசம் ஓரளவு வருகிறது. புளிக்குழம்பு இன்னும் கைகூடவில்லை. நான் தட்டு வைத்தால் அம்மா இப்போது தானாகவே வந்து உட்காருகிறாள். முதலில் உண்பதற்கு மட்டும் இன்னும் கூச்சப்படுகிறாள்.

சென்ற வாரம் எதிர்வீட்டு அத்தை திண்ணையில் உட்கார்ந்து, “ஒம்மவனுக்கு இந்த மாசப் பணம் வந்துடுச்சா?” என்று விசாரித்தார். நான் உள்ளே வெங்காயம் அரிந்துகொண்டிருந்தேன். அம்மாவின் குரல் தெளிவாகக் கேட்டது:

“வந்துடுச்சு அண்ணி. அரசாங்கம் குடுத்தது ஆயிரம். எம்புள்ள ஒழைச்சுக் கொண்டாந்தது ஆயிரம்.”